பசளைக் கலவையில் பொடி அடியில் தங்குவது ஏன்?

ஹற்றன் வாசகர்:
யூரியா, எப்பாவலவில் அகழப்படும் பாறைப் பொஸ்பேற்றுப் பொடி, பொட்டாஷ் ஆகியவற்றைத் தோட்டக் களஞ்சியத்தில் கலக்கிறோம். வறண்ட நாட்களில் லொறி மேட்டு மலையை அடைவதற்குள் பொஸ்பேற்றுப் பொடி மூடையின் அடியில் சேர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அவ்வாறு பிரிவதில்லை, ஆனால் கட்டிகள் உண்டாகின்றன. ஈரம் நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா?

பதுளைப் பொறியியலாளர்:
ஐயா, இரண்டையும் செய்கிறது. உலர்ந்த கலவை குலுங்கும்போது யூரியா மணிகளுக்கிடையே திறக்கும் இடைவெளிகளின் வழியே பொடி கீழே வடிகிறது. நம் மலைப் பாதைகளோ குலுக்கலுக்குக் குறைவைப்பதில்லை. சிறிதளவு ஈரம் இருந்தால், துகள்கள் தொடும் இடங்களில் நீர்ப் பாலங்கள் உருவாகிப் பொடியை மணிகளோடு ஒட்டவைக்கின்றன. அப்பாலத்தின் இழுவிசை துகளின் விட்டத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்திலும், எடை விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் அமைவதால், விட்டம் பாதியானால் எடையுடன் ஒப்பிடும்போது ஒட்டும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே ஈரம் முதலில் பிடிப்பது பொடியைத்தான். ஒட்டுதல் மிகுந்தால் பொடி தன்னோடு தானே திரண்டு கட்டியாகிறது. அக்கட்டிகள் உடையாதவரை எவ்வளவு புரட்டினாலும் கலவை சீராகாது.

பண்டாரவளை வாசகர்:
அதற்காக நீர் தெளித்துவிட வேண்டாம். யூரியா நீரில் எளிதில் கரையும். மேலும் யூரியாவும் பொட்டாஷும் சேர்ந்த கலவை, அவை தனித்தனியே இருக்கும்போது தேவைப்படுவதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே காற்றிலுள்ள நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. பசளை இட வேண்டிய மலைக்கு அருகிலேயே அன்றன்று கலப்பதும், மூடையை அவிழ்த்தவுடன் மறுபடி புரட்டுவதும் போதும்.