பன்னாட்டு அரசியல் முதுகலைப் படிப்பு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் மீனவக் குடும்பத்தில் பிறந்த நான், 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களை வரைபடத்தில் பென்சிலால் குறித்து, அப்பா வலை விரிக்கும் இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த நாளிலிருந்து பன்னாட்டு அரசியல் படிக்க விரும்புகிறேன். இப்போது இளங்கலை வரலாறு இறுதியாண்டு.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சேர, கியூட் எனும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைப் பிரிவுக்குத் தயாராகி வருகிறேன். தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பக்கத்தைக் கடக்கவே அரை மணி நேரம் ஆகிறது. வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று அங்கே படித்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வெளியுறவுப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வு எழுதுவேன். அது கைகூடாவிட்டால், கடல்சார் சட்டமும் சிங்களமும் கற்றவருக்கு ஆய்வு நிறுவனங்களில் எத்தகைய வேலை கிடைக்கும் என்பதே என் முக்கியக் கேள்வி.