மாஸ்கரேடுக்கு 'மேபா'ன்னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம். லினக்ஸ்ல வீட்டு மெஷின்களை எல்லாம் ஒரே வெளி முகவரி வழியா நெட்டுக்கு விடற வசதிக்கு மாஸ்கரேடுன்னு பேரு, அதுக்குத்தான் நம்ம குழுவுல தமிழ்ச் சொல் தேடிக்கிட்டு இருக்கோம். மாஸ்கரேடுக்கு முகமூடி, வேடமிடல், முகவரி மறைப்புன்னு மூணு சொல் வந்திருக்கு, மூணுமே எனக்கு ஒத்து வரல. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா லினக்ஸ்ல வீட்டுக்கு நெட்வொர்க் போட உக்கார்ற ஆளு முதல்ல முட்டிக்கிற இடமே இதுதான், இங்க சொல் கோணலா இருந்தா அவரு மனசுல படமும் கோணலாத்தான் விழும்.

முதல்ல நடக்குறது என்னன்னு பாத்துடுவோம். குத்தாலம் பக்கத்துல எங்க சித்தப்பா வீடு. ரேழி, கூடம், முத்தம், ரெண்டாங்கட்டு, கொல்லைன்னு தெருவுலேர்ந்து பின்னாடி வாய்க்கா வரைக்கும் நீளமா போற பழைய வீடு, சுண்ணாம்பு வச்சுக் கட்டுன கனமான செவரு, ரேழியில மாட்டுன ஃபைபர் பெட்டியோட வைஃபை முத்தத்தைத் தாண்டாது. பிரிண்டரு யூஎஸ்பி மட்டும் இருக்குற லேசர், அதுக்குன்னு எப்பவும் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கணும், அதனால கூடத்துல ஒரு பழைய டெஸ்க்டாப்ல டெபியன் லினக்ஸ் போட்டு ரெண்டு லேன் கார்டு சொருகி, ஒண்ணை ஃபைபர் பெட்டிக்கும் இன்னொண்ணை ஸ்விட்சுக்கும் குடுத்து, ஸ்விட்சுலேர்ந்து ரெண்டாங்கட்டுக்கு கேபிள் இழுத்து அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட் வச்சிருக்கோம். உள்பக்கம் எல்லாத்துக்கும் 192.168.10ல ஆரம்பிக்கிற முகவரி, அதைப் பங்கிட்டுக் குடுக்கறது டிஎன்எஸ்மாஸ்க்ங்கற நிரல். லினக்ஸோட மையமான கெர்னல்ல, ஒரு கார்டுல வர்றதை இன்னொரு கார்டுக்குக் கடத்தற ஐபி ஃபார்வர்டிங்கை 1ன்னு வச்சு, ஃபயர்வால் விதி எழுதற என்எஃப்டேபிள்ஸ்ல ஒரே ஒரு மாஸ்கரேடு வரி. அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த 192.168 முகவரி வீட்டுக்குள்ள மட்டும் செல்லும், வெளியில யாரும் அதுக்கு பதில் அனுப்ப முடியாது. 1996ல வந்த ஆர்எஃப்சி 1918ங்கற இன்டர்நெட் விதிமுறை ஆவணம் அதைத் தனியார் பயனுக்குன்னே ஒதுக்கி வச்சது, உங்க வீட்டுலயும் அதே முகவரி இருக்கும் என் வீட்டுலயும் இருக்கும். அப்போ உள்ளேர்ந்து ஒரு பாக்கெட், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், வெளிய கிளம்பறப்போ கூடத்து டெஸ்க்டாப் அதுல அனுப்புநர் முகவரியை அடிச்சுட்டு தன்னோட வெளிப்பக்க முகவரியை எழுதுது, ரெண்டு மெஷினும் ஒரே போர்ட் எண்ணோட (ஒவ்வொரு இணைப்பையும் பிரிச்சு அடையாளம் காட்டற எண்) வந்து மோதுனா போர்ட்டையும் மாத்துது, எது யாருதுன்னு ஒரு அட்டவணையில குறிச்சு வச்சுக்குது. பதில் வந்ததும் அட்டவணையைப் பாத்து உரியவங்ககிட்ட சேக்குது.

இதுல யாரு வேஷம் போட்டா? யாரையும் ஏமாத்தற வேலையே இதுல கிடையாது. இங்கிலீஷ்ல வேஷம்னு அர்த்தம் வர்ற அந்தப் பேரு வச்சவங்களுக்கு அப்படித் தோணிருக்கலாம், நாம அதைத் தூக்கிக்கிட்டு வரணும்னு இல்ல. முகமூடின்னு படிச்ச ஆளு இது ஏதோ ஒளிஞ்சுக்கற வசதி, பாதுகாப்புக்குப் போடறதுன்னு நினைச்சுக்குவாரு, முகவரி மறைப்புன்னு வச்சா அந்த நினைப்பு இன்னும் கெட்டியாயிடும். பாதுகாப்புக்கு, எதை உள்ள விடணும் எதைத் தடுக்கணும்னு ஃபயர்வால் விதி தனியா எழுதணும், மாஸ்கரேடு இருக்குன்னு அதை விட்டுடக் கூடாது. சொல்லாலயே ஒருத்தருக்குப் பொய்யான தைரியம் வந்துடக் கூடாதுங்கறதுல நான் கண்டிப்பா இருக்கேன்.

நம்மகிட்ட இதுக்கு ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கு, தபால்ல மே/பா. மாயவரத்துல ரூம் எடுத்துப் படிக்கற பையன் சொந்தமா விலாசம் இல்லாதப்போ மே/பா இன்னாருன்னு வீட்டுக்காரர் பேரைப் போட்டு, கதவெண், தெருன்னு எழுதுவான், பதில் வீட்டுக்காரர் வாசலுக்கு வரும், அவரு எடுத்து உரியவன்கிட்ட குடுத்துடுவாரு. பதில் திரும்பி வரணும்ங்கறதுதான் இங்க உயிர், முகமூடியில அது துளியும் கிடையாது. அதனால என் சொல்: மேபா. சாய்கோடு இல்லாம ஒரே சொல்லா, வினைக்கு மேபாவிடு, பெயருக்கு மேபாவிடல்.

மே/பாவை விரிச்சு மேற்பார்வைன்னு முழுசாவே எழுதலாமேன்னு குழுவுல ஐயா ஒருத்தர் கேட்டீங்க. எழுதலாம்தான், ஆனா நிர்வாகம் பண்றதுக்கும் கண்காணிக்கறதுக்கும் மேற்பார்வை ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, சர்வர் மேற்பார்வைன்னா அது வேற வேலை ஆயிடும். சுருக்கம் சொல்லாகுமான்னு அடுத்த கேள்வி. சிட்டாவுலயும் மனுவுலயும் த/பெ, க/பெ, மே/பா எல்லாம் தினம் பாக்கறோம், விரிச்சுச் சொல்லாமலே எல்லாருக்கும் புரியுது, அப்படிப் புரியறதை சொல்லா ஏத்துக்கறதுல குத்தமில்ல. 'வழி'ன்னு வைக்கலாம்னு அண்ணன் ஒருத்தர் சொன்னதும் நல்ல யோசனைதான், குத்தாலம் வழி, ஆடுதுறை வழின்னு நாமளே விலாசத்துல எழுதறோம், ஆனா பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு முடிவு பண்ற ரௌட்டிங்குக்கு வழியை எடுத்துக்கிட்டாச்சு, ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா அடிச்சுக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயத்தை இதுவரைக்கும் யாரும் எடுக்கல. பாக்கெட்டுல முகவரியை மாத்தி எழுதறதுக்குப் பொதுவா நாட்னு பேரு, அதுல அனுப்புநர் முகவரியை மாத்தறது எஸ்நாட், போய்ச் சேர்ற முகவரியை மாத்தறது டிநாட். எஸ்நாட்டுக்கும் மாஸ்கரேடுக்கும் ஒரே சொல் போடக் கூடாது. எஸ்நாட்டுல எந்த முகவரியை எழுதணும்னு நாமளே விதியில எழுதிக் குடுக்கறோம், அது நிலையான முகவரிக்கு. மாஸ்கரேடு பாக்கெட் எந்தப் பக்கமா வெளிய போகுதோ அந்த இன்டர்ஃபேஸுக்கு (லேன் கார்டு மாதிரி நெட் போற வாசல்) அந்த நேரத்துல என்ன முகவரியோ அதைத் தானா எடுத்துக்கும், இன்டர்ஃபேஸ் விழுந்தா அது வழியா போன பழைய இணைப்புக் குறிப்பையும் தள்ளிடும். ஐப்பசி மழையில ஃபைபர் அறுந்தா சித்தப்பா போனை யூஎஸ்பியில மாட்டி நெட் எடுப்பாரு, போன் பக்க இன்டர்ஃபேஸுக்கும் மாஸ்கரேடு விதி எழுதியிருக்கறதால உள்ள ஒரு மெஷின்லயும் கை வைக்க வேண்டியதில்ல. அதனால நாட்டுக்கு முகவரி பெயர்ப்பு, எஸ்நாட்டுக்கு மூல முகவரி பெயர்ப்பு, டிநாட்டுக்கு சேரிட முகவரி பெயர்ப்பு, மாஸ்கரேடுக்கு மட்டும் மேபா. நாலும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது.

இந்தச் சொல் வேற இடத்துலயும் கை குடுக்குது. எங்க டெஸ்க்டாப்புக்கு வெளிய இருக்கற ஃபைபர் பெட்டியும் இதே வேலையைத்தான் பண்ணுது, சில நெட் கம்பெனி அதுக்கும் மேல 100.64ன்னு ஆரம்பிக்கிற முகவரி குடுத்து அவங்க பக்கம் இன்னொரு தடவை பண்றாங்க. இரட்டை மேபான்னு சொன்னா உடனே விளங்கும், வெளியேர்ந்து வீட்டு மெஷினுக்கு நேரா வர முடியாததோட காரணமும் சேந்து விளங்கும். இரட்டை முகமூடின்னு சொல்லிப் பாருங்க, ஒண்ணும் நிக்காது.

பிரிண்டரைப் பகிரவும் இது வேணுமான்னு பிரிண்டிங்கையும் இதோட சேத்துக் கேட்டிருந்தீங்க. பிரிண்டருக்கு மேபா தேவையே இல்ல, ரெண்டாங்கட்டு லேப்டாப்பும் கூடத்து டெஸ்க்டாப்பும் ஒரே உள்பக்க நெட்வொர்க்குல இருக்கறதால முகவரியை யாரும் மாத்தறதில்ல. லினக்ஸ்ல பிரிண்ட் வேலையைப் பாத்துக்கற கப்ஸ்ல பிரிண்டர்களைப் பகிர்னு ஒரு டிக், அந்தப் பிரிண்டருக்குத் தனியா பகிர்னு இன்னொரு டிக், ரெண்டும் வேணும். நெட்வொர்க்குல என்னென்ன இருக்குன்னு அறிவிக்கற ஆவாஹி நிரல் ஓடுனா போனுங்களே பிரிண்டரைக் கண்டுபிடிச்சுக்கும். ஃபயர்வால்ல கப்ஸுக்கு போர்ட் 631ம், ஆவாஹிக்கு யூடிபி 5353ம் உள்பக்க கார்டுக்கு மட்டும் திறங்க, வெளிப்பக்கம் திறக்கவே திறக்காதீங்க. சம்பா பயிர் இன்சூரன்ஸ் நேரத்துல சிட்டா நகல் எடுக்க அக்கம்பக்கம் எல்லாம் சித்தப்பா வீட்டுக்குத்தான் வருது, ரேழியில உக்காந்தே போன்லேர்ந்து பிரிண்ட் குடுத்துட்டுப் போறாங்க. அச்சாகக் காத்திருக்கற வேலையைச் சேத்து வைக்கற பிரிண்ட் ஸ்பூலுக்கு 'அச்சு வரிசை' போதும், அதுல நான் சண்டை போடல, ஸ்பூலையும் க்யூவையும் பிரிச்சே ஆகணும்ங்கறவங்க வேற சொல் குடுங்க.

லினக்ஸ்ல நெட் இணைப்பை அமைக்கற நெட்வொர்க் மேனேஜர்ல 'பிற கணினிகளுடன் பகிர்'னு ஒரு தேர்வு இருக்கே, அதைத் தேர்ந்தெடுத்தா 10.42.0.1ல ஆரம்பிச்சு மேபா, முகவரிப் பங்கீடு எல்லாத்தையும் அதுவே போட்டுடும். அங்க தலைப்புல மேபான்னு எழுத வேண்டியதில்ல, பகிர்ங்கறதே பொருத்தம், ஆனா கீழ விளக்க வரியில எழுதியே ஆகணும். ஃபயர்வால் அமைப்புப் பக்கத்துல மட்டும் (அங்க இன்டர்ஃபேஸ்களைப் பிரிச்சு வைக்கற தொகுதிக்கு மண்டலம்னு பேரு) இப்படிப் போடலாம்னு நினைக்கறேன்: "இந்த மண்டலத்திலிருந்து வெளியேறும் இணைப்புகளை மேபாவிடு." சேரிடம்ங்கறது இழுத்துப் பேசற மாதிரி இருக்குன்னு பட்டா மாத்துச் சொல் சொல்லுங்க. மேபாவுக்கு மறுப்பு இருந்தா அந்த வரியை உங்க சொல்லை வச்சு முழுசா எழுதிக் காட்டுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து முடிவு பண்ணுவோம்.