வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் வரலாமா?

கேள்வி: வீட்டைச் சோதனை போட வேண்டும் என்று போலீஸ் வந்து நிற்கிறது, கையில் வாரண்ட் இல்லை. கதவைத் திறக்க மறுக்கலாமா?

பதில் 1: எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கைது செய்யப்பட வேண்டியவர் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 44-ஆம் பிரிவின்படி வழிவிட்டே ஆக வேண்டும். பொருளைத் தேடி வந்தால் 185-ஆம் பிரிவு. வாரண்ட் வாங்கும் வரை காத்திருக்க முடியாது என்பதற்கான காரணத்தை அதிகாரி முதலில் வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மனு போட்டால் உங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும், அவசியம் வாங்குங்கள். "சும்மா பார்த்துட்டுப் போயிடறோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பதில் 2: திறப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண், எதைத் தேடுகிறீர்கள்? மீறி நுழைந்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம். "எனக்குச் சம்மதம் இல்லை" என்று சத்தமாகச் சொன்னால் போதும்.

பதில் 3: சோதனை நடக்கும்போது கூடவே இருங்கள், அது 103-ஆம் பிரிவு தரும் உரிமை. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக வேண்டும், வீடியோ பதிவும் கட்டாயம் (105). கைப்பற்றியவற்றின் பட்டியலில் வெறுமனே "செல்போன் 1" என்று இருந்தால் ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

பதில் 4: சோதனை முறைகேடானது என்பதற்காக மட்டும் சாட்சியம் தள்ளுபடி ஆகாது (உச்ச நீதிமன்றத்தின் பூரன்மல் வழக்கு, 1974). ஆட்சேபத்தை அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.