இலுப்பைப் பூவை என்ன செய்யலாம்?

வரப்போரம்:
புதுக்கோட்டைப் பக்கம் மாமனார் வாங்கிய நிலத்தில் இரண்டு பெரிய இலுப்பை மரங்கள் நிற்கின்றன. பங்குனி பிறந்ததிலிருந்து விடிந்தால் தரை முழுக்கப் பூ. தின்றால் இனிக்கிறது, ஆனால் வாடை தாங்கவில்லை. எப்படிச் சமைப்பது? கொட்டையை ஆட்டினால் எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாமா?

தோப்புவீட்டு அக்கா:
தம்பி, முதலில் மரத்தடியைக் கூட்டி, பழைய சேலையை விரித்துவிடுங்கள். மண் ஒட்டினால் எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறக்கும். கையில் எடுத்தால் திராட்சை போல் சதைப்பற்றாக இருக்கும். உள்ளே நார் நாராக இருப்பதை நகத்தால் உருவி எறிந்துவிட்டு, பழுப்பு நிறம் வரும்வரை வெயிலில் காயவிடுங்கள். வாடை பெரும்பாலும் அடங்கிவிடும். எங்கள் அப்பத்தா அதை வெறும் சட்டியில் வறுத்து, வறுத்த எள்ளோடு உரலில் இடித்து உருண்டை பிடிப்பார். வெல்லமே வேண்டாம். “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று சும்மாவா சொன்னார்கள்!

எண்ணெய் ஆனி, ஆடியில் காய் பழுத்த பிறகுதான். பச்சையாகக் கசக்கும். அப்பத்தா புளி போட்டுக் காய்ச்சி முறித்த பிறகுதான் பணியாரம் சுடுவார். மார்கழிக் குளிரில் நெய் போல உறைந்துவிடும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். எனக்கு அது விளக்குக்கும் இடுப்பு வலிக்குச் சூடாகத் தேய்க்கவும்தான். இப்போது மருந்தென்று சொல்லி அதைக் குடிக்கச் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

செக்குக்காரர்:
அக்கா சொல்லாமல் விட்டது பிண்ணாக்கு. கடலைப் பிண்ணாக்கு மாதிரி நினைத்து மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள், அதில் சப்போனின் என்ற நஞ்சு உண்டு. குளத்தில் கரைத்தால் மீன் மிதக்கும். ஆனால் தண்ணீரில் ஊறவைத்தால் நுரைக்கும், தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம். கண்ணில் பட்டால் எரியும்.

வரப்போரம்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. நாளைக்கே சேலை விரிக்கிறேன். ஒரு மரம் வீட்டுக்கு வெளிச்சத்தை மறைக்கிறது என்று மாமனார் வெட்டச் சொல்கிறார், நிலைக்கதவுக்கு ஆகுமாம்.

தோப்புவீட்டு அக்கா:
ஆகும், வைரம் பாய்ந்த கட்டை. ஆனால் காய்ப்புக்கு வரவே பத்து வருஷம் போல ஆகும் மரம் அது. கிளையை மட்டும் கழித்துவிடச் சொல்லுங்கள்.