பெரிய கட்டைகளை ஏற்றும்போது டிரெய்லர் ரம்ப இயந்திரம் வளையாமல் காப்பது எப்படி?

மாதவரம் கொட்டகை:

வணக்கம். பால்பண்ணைக் குடியிருப்புப் பக்கம் எங்களுக்கு ஒரு கொட்டகை. டிரெய்லர்மேல் பொருத்திய பேண்ட் ரம்ப இயந்திரத்தில் (மில் என்போம், வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) மரம் அறுத்துக் கொடுக்கிறோம். (உரிமம் பற்றிக் கேட்க நினைப்பவர்களுக்கு: வாங்கியாகிவிட்டது.) மா, வேம்பு என்று நடுத்தரக் கட்டைகள் வந்தவரை சிக்கல் இல்லை. இரண்டு பேர் கடப்பாரை போட்டு உருட்டிவிடுவோம். இப்போது சாலையோரத்துத் தூங்குமூஞ்சியும் புளியும் வருகின்றன. ஏழடிச் சுற்று, பத்தடி நீளம். ஜேசிபி ஓட்டுநர் பக்கெட்டில் அள்ளிவந்து மேலே சாய்க்கிறார். மெதுவாக என்றால் தலையாட்டுகிறார், பிறகு அதே "தொம்".

எதிர்ப்பக்கத் தடுப்புத் தூண்கள் இரண்டும் வெளியே சாய்ந்துவிட்டன. மூலைமட்டம் வைத்தால் ஓரடி உயரத்தில் கால் அங்குல இடைவெளி தெரிகிறது. சதுரமாக வரவேண்டிய உத்தரம் கோணலாக வருகிறது. பலகை நடுவில் ஒரு கனம், முனையில் ஒரு கனம். சட்டம் முழுவதையும் கனமான இரும்பில் மாற்றச் சொல்கிறார் மைத்துனர். அது சரியா, அல்லது ஏற்றும் முறையைத்தான் மாற்ற வேண்டுமா? கட்டைக்குக் கட்டை கிரேன் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது.

காசிமேட்டுத் தச்சன்:

தம்பி, இரும்பின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள். மில் சட்டம் தாங்க வேண்டியது அசையாமல் கிடக்கும் கட்டையை. ஓடிவரும் கட்டையை நிறுத்துவது அதன் வேலை இல்லை. அந்த அடியைத் தரை வாங்கட்டும்.

முதலில் எடை. நீங்கள் வியாபாரிக் கணக்கில் பார்த்திருப்பீர்கள்: சுற்றளவில் கால் பங்கு, அதன் வர்க்கம், பெருக்கல் நீளம். உங்கள் கட்டைக்கு 30 கன அடி சொச்சம் வரும். விலை பேச அது போதும், எடை பார்க்க ஆகாது. உருளைக் கணக்குப்படி அதே கட்டை 39 கன அடி. பச்சை மரத்துக்குத் தண்ணீரின் எடையையே வைத்துக்கொள்ளுங்கள், கன அடிக்கு 28 கிலோ. 1,100 கிலோவை நெருங்குகிறது. வியாபாரிக் கணக்கை நம்பியவர் 860 கிலோ என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டை ஆறங்குலம் மேலேயிருந்து விழுந்து, இரும்பு அரை அங்குலம் வளைந்து அதை நிறுத்துகிறது என்று வையுங்கள். சராசரி விசை எடையைப் போல 13 மடங்கு, அதாவது 14 டன். கனமான இரும்பு போட்டால் வளைவது குறையும். வளைவது குறைந்தால் அடி இன்னும் கூடும், பற்றவைப்பு விட்டுப்போகும். காசைக் கொட்டி வேறு இடத்தில் உடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது, மில்லை ஒட்டி அதே உயரத்தில் தனிக் கால்களோடு ஒரு மேடை. மேடைக்கும் மில்லுக்கும் இடையே ஓர் அங்குலம் இடைவெளி இருக்கட்டும். சாய்வுச் சட்டங்களை மில்லின் விளிம்பில் கொக்கி போட்டு மாட்டுகிறார்கள் பாருங்கள், அது வேண்டவே வேண்டாம். கட்டை மேலேறும்போது எடையெல்லாம் விளிம்பில் இறங்கி டிரெய்லரையே சாய்த்துவிடும்.

மேடைக்கு ஏற்றக் கயிறு போதும். இரண்டு கயிறுகளின் முனையை மில்லுக்கு அப்பால் நட்ட முளைகளில் கட்டுங்கள். கட்டைக்கு அடியில் விட்டு, மேலாகத் திருப்பி, மறுபடி முளைப் பக்கமே இழுங்கள். கட்டை தானாக உருளும், விசையும் பாதியாகும். இரண்டரை அடி உயரத்துக்கு எட்டடிச் சாய்வு வைத்தால், உராய்வு நீங்கலாக 175 கிலோ அளவு இழுத்தால் போதும். ஒரு டன் செயின் பிளாக்குக்கு (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி) இது வேலையே இல்லை. அடிப்பக்கம் பருத்த கட்டை நேராக உருளாது, பருத்த முனை முந்திக்கொண்டு ஓடும். அதனால் சிறுத்த முனையைக் கொஞ்சம் முன்னால் விட்டுத் தொடங்குங்கள்.

கட்டைக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. கட்டை உருளாமல் வைக்கும் ஆப்பைப் பக்கவாட்டிலிருந்து நீளக் கம்பால் தள்ளுங்கள்.

சாத்தங்காடு பற்றவைப்பு:

தச்சர் ஐயா சொல்வதே சரி. இரும்பு வேலை செய்கிறவன் என்பதால் இரும்புப் பக்கம் மட்டும் சொல்கிறேன். மேடைக்குப் புது இரும்பு வேண்டாம். எங்கள் சாத்தங்காடு இரும்பு அங்காடியில் பழைய சேனல் (ப வடிவ இரும்புச் சட்டம்) எடைக்குக் கிடைக்கும். துரு தின்று இலேசானதைத் தள்ளிவிட்டு எடுங்கள். கடற்கரைக் காற்று பட்ட இரும்பு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சுத்தியால் தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தடுப்புத் தூண்களுக்கு முன்னால், அவற்றைவிட ஓர் அங்குலம் கட்டைப் பக்கம் தள்ளி, தரையில் பதித்த குழாய்களில் செருகி எடுக்கும்படி இரண்டு காவல் தூண்கள் வையுங்கள். மோதல் அவற்றோடு முடியும். மில் படுகைக்கு மேலே அவற்றின் உயரம் கட்டையின் பாதி விட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும், தாழ்வாக இருந்தால் கட்டை ஏறித் தாண்டிவிடும். ஆப்பு வைத்தபின் அவற்றை உருவிவிட்டுக் கடைசி அங்குலத்தைக் கடப்பாரையால் நகர்த்துங்கள். உருவ மறந்து ரம்பத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏற்றும் நேரத்தில் ரம்பத் தலை கடைக்கோடியில், எஞ்சின் அணைந்து, சாவி உங்கள் பையில். குறுக்குச் சட்டங்களின் நடுவில் ஜாக்கி முட்டுக் கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை இருக்கட்டும், மழைக்குப் பின் உங்கள் பக்கத்து மண் புதையும். அறுத்த பலகையின் கனம் மாறுவதற்கு மில்லின் ஒரு கால் இறங்கியிருப்பதே காரணமாக இருக்கலாம். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வளைவைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கொருக்குப்பேட்டை லோடு:

ஜேசிபியை விரட்ட வேண்டாம். மில் பக்கம் விடாதீர்கள், அவ்வளவுதான். மேடையை நீளமாகக் கட்டி, வாடகைக்கு வரும் நாளிலேயே எல்லாக் கட்டைகளையும் மேடையின் தொலைமுனையில் இறக்கச் சொல்லுங்கள். பக்கெட்டில் அள்ளாமல் இரண்டு பெல்ட்டில் தொங்கவிட்டு இறக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆப்பு. நான்கடி விட்டத்துக்கு மேல் இருந்தால் ஏற்றவே ஆசைப்படாதீர்கள், சங்கிலி ரம்பத்தால் கீழேயே இரண்டாகப் பிளந்துவிடுங்கள்.

சாலையோர மரம் என்கிறீர்கள். உலோகம் காட்டும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். விளம்பரத் தட்டி கட்டிய ஆணியெல்லாம் உள்ளேதான் இருக்கும். பட்டையில் ஒட்டிய மணலையும் கழுவிவிடுங்கள்.

மாதவரம் கொட்டகை:

எல்லாருக்கும் நன்றி. மைத்துனரிடம் 14 டன் கணக்கைக் காட்டினேன், பேச்சைக் காணோம். ஒரு சிக்கல்: மில்லுக்கு அப்பால் மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவர். முளை நட இடம் இல்லை. கயிற்றை மில்லின் சட்டத்திலேயே கட்டலாமா?

காசிமேட்டுத் தச்சன்:

கூடாது. கட்டை மில்லை நோக்கி வருவதற்குப் பதில் மில் கட்டையை நோக்கி வரும். சுவரிலும் கட்டிவிடாதீர்கள், அது உங்கள் சுவர் இல்லை.

சாத்தங்காடு பற்றவைப்பு:

டிரெய்லருக்கு அடியில் தரையோடு இரண்டு சேனல்களைக் குறுக்காக ஓட்டி, இந்த முனையை மேடையின் கால்களோடு பற்றவையுங்கள். அந்த முனையில் கொக்கியோடு ஒரு குட்டைத் தூண், மேடைக்கும் தூணுக்கும் சாய்வு முட்டு. இழுப்பு மேடைக்கும் தூணுக்கும் இடையிலேயே முடிந்துவிடும், மில்லுக்குச் சேதி போகாது. மூன்றடி இடம் தாராளம். சக்கரத்தில் இடிக்காமல் அளவெடுத்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்த தடுப்புத் தூண்களை நிமிர்த்தும் முன் அடியில் தூணைப் பிடித்திருக்கும் ஆணியைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் தூண் நேராகவே இருக்கும், ஆணித் துளைதான் தேய்ந்து அகன்றிருக்கும். அப்படியென்றால் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்ளே செருகும் உலோக வளையம்) போட்டால் முடிந்தது.