பின் பிரேக் நட்டை முறுக்கிட்டே இருக்கேன், பெடல் இன்னும் கீழதான் போகுது

நாமக்கல்_ரைடர்:
வணக்கம் நண்பர்களே, 100 சிசி பைக், ரெண்டு பக்கமும் டிரம் பிரேக், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன வாரம் கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் இறங்கினேன், பாதிக்கு மேல பின் பிரேக் பிடிக்கவே இல்ல, பின்னாடி பொண்ணு வேற உக்காந்திருந்தா, கை காலெல்லாம் நடுங்கிருச்சு. வீட்டுக்கு வந்து பெடலையும் பின் பிரேக்கையும் இணைக்கிற ராடு நட்டை முறுக்கினா இன்னும் மூணு மரைதான் மிச்சம். டிரம்மை உள்ளேருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூ மாத்துனா போதுமா, இல்ல வீலோட சுத்துற டிரம்மே போச்சா?

செந்தில்78:
ரெண்டு பிரச்சினை இருக்குண்ணே. மலையில விடாம மிதிச்சா டிரம் சூடேறி விரியும், ஷூ மேல ஒட்டியிருக்குற லைனிங்கோட பிடிமானமும் போயிரும், அடுத்த தடவை செகண்ட் கியர்ல இறங்குங்க. ஆனா மரை தீர்ந்து வர்றது தேய்மானம். பெடலை நல்லா மிதிச்சுக்கிட்டு டிரம்மை மூடியிருக்குற பிரேக் பிளேட்ல உள்ள அம்புக்குறியைப் பாருங்க, அது பக்கத்துல இருக்குற கோட்டைத் தொட்டுட்டா ஷூ முடிஞ்சுது.

பழைய_பட்டறை:
தம்பி, வீலைக் கழட்டாம டிரம் போச்சுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. லைனிங் எங்கயாவது 2 மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா ஜோடியா மாத்துங்க. டிரம் உள்ள நகத்தை ஓட்டிப் பாருங்க, பள்ளம் தட்டுப்பட்டா வெர்னியர் காலிப்பர் வச்சு உள் விட்டத்தை அளக்கணும், 130 மில்லிமீட்டர் டிரம்முக்கு பெரும்பாலும் 131தான் எல்லை. உள்ள இருக்குற கருப்புத் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால துடைங்க. ஷூவை விரிக்கிற கேமைத் துடைச்சு சூடு தாங்குற கிரீஸ் ஒரு பொட்டு போதும், லைனிங்ல பட்டா அந்த ஷூ வீண். இன்னொண்ணு, சில இடத்துல ஷூ மாத்தாம கேமைத் திருப்புற ஆர்மை ஒரு பல்லு தள்ளி மாட்டி பிரேக் வந்துருச்சும்பாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, தேஞ்ச ஷூல கேம் அளவுக்கு மீறித் திரும்பி வீல் அப்படியே பூட்டிக்கும், ஆளைக் கவுத்திரும்.

நாமக்கல்_ரைடர்:
கழட்டிட்டேண்ணே. ஒரு ஷூ ஓரத்துல பேப்பர் மாதிரி ஆயிருச்சு, கேம் துருப்பிடிச்சு குறடு வச்சுத்தான் திரும்புச்சு, டிரம் 130.3 இருக்கு. ஷூவும் ஸ்பிரிங்கும் புதுசு போட்டு பெடல்ல ரெண்டரை சென்டிமீட்டர் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம்) வச்சேன், வீல் தடங்கல் இல்லாம சுத்துது.

பழைய_பட்டறை:
டிரம் நல்லாத்தான் இருக்கு. புது ஷூ படியுற வரைக்கும் முழுசா பிடிக்காது, முதல் ரெண்டு மூணு நாள் கூட்டத்துல இடைவெளி விட்டு ஓட்டுங்க, அப்புறம் நட்டை மறுபடி பாருங்க. பெடலை மாத்தி வச்சதால பிரேக் லைட் சரியான நேரத்துல எரியுதான்னும் பாத்துருங்க.