புலமைப்பரிசில் வருகிறது: சித்திர வகுப்பை நிறுத்தலாமா?

வெள்ளவத்தை அம்மா:
மகள் நான்காம் வகுப்பு. அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. ஞாயிறு காலைச் சித்திர வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்துக்கு இன்னொரு ரியூசன் போடச் சொல்கிறார் இவர். பிள்ளை வாரம் முழுக்கப் பார்த்திருப்பதே அந்த வகுப்பைத்தான். என்ன செய்யலாம்?

கணக்கு மாஸ்டர்:
நிறுத்துங்கள் அக்கா. 200 புள்ளிப் பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்தாலும் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான். ஆறாம் வகுப்பில் அழகியல் பாடமாகச் சித்திரத்தையே எடுக்கட்டுமே.

சித்திர மிஸ்:
அதுவரைக்கும் பிள்ளையின் மனசு? 2016இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 45 நிமிடம் கலைவேலை செய்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மன அழுத்த ஹோர்மோனான கோர்டிசோல் குறைந்திருந்தது.

கணக்கு மாஸ்டர்:
அதில் இருந்தது 39 பேர், அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று 1993 ஆய்வொன்றை வைத்துக் கசெட் விற்றார்களே, ஞாபகமா? அதுவும் பல்கலைக்கழக மாணவர்களிடம் பத்து, பதினைந்து நிமிடம் நின்ற பலன்தான்.

சித்திர மிஸ்:
சரி, ஆய்வை விடுங்கள். மட்டக்களப்பில் போர்க்காலத்தில், 1996இல், போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் கண்டதைக் கேள்வி கேட்டு வாங்க முடியுமா?

கொட்டாஞ்சேனை அப்பா:
மிஸ், அங்கே புள்ளி போடவில்லை, அதுதான் விசயம். இங்கே நடப்பது வேறு. போன தைக்கு மகனின் வகுப்புக்குப் போனேன். சுவர் நிறையப் பொங்கல் பானை. எல்லாப் பானையிலும் நுரை இடது பக்கமாகவே வழிகிறது. ஏனென்றால் கரும்பலகையில் அப்படி வழிந்தது! சங்கீதத்துக்கும் கிரேட் பரீட்சை, நடனத்துக்கு அரங்கேற்றச் செலவு. இதையும் ரியூசன் என்றே எழுதிக்கொள்ளலாம். இந்த மாதிரி வகுப்பென்றால் நானே மாஸ்டர் பக்கம்.

சித்திர மிஸ்:
பானை விசயத்தில் வாதாட மாட்டேன். அக்கா, உங்கள் பிள்ளையின் வகுப்பு எப்படி?

வெள்ளவத்தை அம்மா:
போன கிழமை கடலோர ரயிலைக் கீறினாள். ரயில் தாளுக்குள் அடங்கவில்லை. இன்னொரு தாளை ஒட்டிக் கொடுத்தாராம் ரீச்சர். வீட்டுக்கு வந்ததும் கதவில் தொங்குகிறவர் ஒவ்வொருவரும் எங்கே இறங்குவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரியூசனில் இருந்து வரும் நாட்களில் அவளிடம் ஒரு சொல் வாங்க முடியாது.

கொட்டாஞ்சேனை அப்பா:
அப்ப நிறுத்தாதீர்கள். மாதிரி வினாத்தாளில் ஒன்றைக் குறையுங்கள்.

கணக்கு மாஸ்டர்:
குறையுங்கள், குறையுங்கள். வெட்டுப்புள்ளி வரும் அன்றைக்கு இதே இடத்தில் பேசுவோம்.